மறு: பெப்டைடைப் பரப்பில் பொருத்துதல் – ‘பரப்பூன்றல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளை, மருத்துவக் கருவிகளின் பரப்பில் நிலையாகப் பொருத்துவதை ஆங்கிலத்தில் immobilization என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்றுதான் நம் குழுவில் பேசிவருகிறோம். ஐயா ஒருவர் முன்வைத்த ‘அசைவறுத்தல்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது பொருத்தமானதுதான். ஆனால் பரப்பில் இருக்கும் பெப்டைடு அடியோடு அசைவற்றுப் போனால் அதனால் ஒரு பயனும் இல்லை. சொல்லே பொருளைத் தவறாகக் காட்டிவிடக் கூடாது என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்தார். அறுவை செய்து தைத்த தவளைகளைச் சாதாரணத் தொட்டித் தண்ணீரில் விட்டும் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுகிறதே, எப்படி என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மகைனின் 23 அமினோ அமிலங்களால் ஆன குட்டிச் சங்கிலி, நேர்மின்சுமை கொண்டது. பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்சுமை கொண்டது. நம் செல்களின் சவ்வோ வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் மின்சுமை இல்லாமல் இருக்கிறது. அதனால் பெப்டைடு பாக்டீரியாவைத் தேடிப் போய் ஒட்டுகிறது, நம்மைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. நம் உடம்பிலும் இந்த வகை உண்டு. எல்எல்-37 என்பது அவற்றில் ஒன்று.

இவற்றை ஏன் பரப்பில் பொருத்த வேண்டும்? சிறுநீர் வடிகுழாய், செயற்கை இடுப்பு மூட்டு போன்றவற்றில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து படலமாக வளர்ந்துவிட்டால் மருந்தால் அதை ஒழிப்பது பெரும்பாடு. பல நேரங்களில் பொருத்திய மூட்டையே கழற்றி எடுக்க வேண்டிவருகிறது. படலம் உருவான பிறகு போராடுவதைவிட, முதல் பாக்டீரியா வந்து உட்காரும்போதே தடுப்பதுதான் நோக்கம்.

டைட்டானியத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சொல் தானே பிடிபடும். உலோகத்தின் மேல் இயல்பாகவே ஒரு ஆக்சைடு ஏடு இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, அதிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளோடு சிலேன் என்ற சிலிக்கன் சேர்மத்தின் மூலக்கூறுகளை வினைபுரிய வைக்கிறார்கள். அப்புறம் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற வளையக்கூடிய ஒரு நீளச் சங்கிலி. அதன் மறுமுனையில் மாலிமைடு என்ற வேதித்தொகுதி. பெப்டைடைத் தயாரிக்கும்போதே ஒரு கடைசியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். சிஸ்டீனிலுள்ள கந்தகம் மாலிமைடைப் பற்றிக்கொள்கிறது. ஆக, பெப்டைடின் ஒரு முனை உறுதியாகப் பிடிபட்டிருக்கிறது, மீதி உடல் நீரில் வளைந்து நெளிகிறது. அந்த நெளிவு இருந்தால்தான் அது பாக்டீரியாவின் மேல் படிய முடியும்.

இப்போது வந்திருக்கும் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘ஒட்டுதல்’ எளிய சொல். ஆனால் பாக்டீரியா பரப்பில் வந்து ஒட்டுவதற்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். “ஒட்டிய பெப்டைடு பாக்டீரியா ஒட்டுவதைத் தடுக்கிறது” என்று எழுதிப் பாருங்கள், மாணவர் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். ஒட்டுதலைப் பாக்டீரியாவுக்கே விட்டுவிடலாம். ‘பூச்சு’ என்றால் வெள்ளிப் பூச்சு போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறுகிறதும் அதில் அடங்கிவிடும். இங்கே மருந்து வெளியேறக் கூடாது என்பதுதானே பேச்சு.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘புறத்துறிஞ்சல்’ அருமையான சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘பரப்புக்கவர்தல்’ என்பதைவிட எனக்கு அது பிடிக்கும். ஆனால் அது குறிப்பது வேறு நிகழ்வை. புறத்துறிஞ்சலில் பெப்டைடு வெறும் ஈர்ப்பால் படிந்திருக்கும். இரத்தத்தில் உள்ள புரதங்கள் வந்து மோதினால் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். சகப்பிணைப்பால், அதாவது எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து உண்டாகும் வலுவான வேதிப்பிணைப்பால், பிடிபட்ட பெப்டைடு அப்படிப் போகாது. ஒரே ஆய்வுக்கட்டுரையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், எனவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

‘தளைத்தல்’ மிக நெருங்கி வருகிறது. ஒரு முனை கட்டு, மறுமுனை ஓரளவு விடுதலை என்ற கருத்து அதில் இருக்கிறது. எனக்குள்ள தடை ஒலிதான். ளகரமும் ழகரமும் பல ஊர்களின் பேச்சில் ஒன்றாகிவிட்டன. வகுப்பில் வாயால் சொல்லும்போது தளைத்தலும் தழைத்தலும் ஒன்றாகவே கேட்கும். வளர்ச்சியைத் தடுக்கும் பரப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘தழைத்தல்’ காதில் விழுவது நேர் எதிரான பொருளைத் தந்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை ‘ஊன்றல்’. பரப்பில் நடப்பதைக் குறிக்கப் ‘பரப்பூன்றல்’. நாற்றை ஊன்றினால் அடி மண்ணில் நிற்கும், நுனி காற்றுக்கு ஆடும். இந்தப் பொருத்தம் போக, இலக்கணத்திலும் வசதி இருக்கிறது. “பெப்டைடை ஊன்றினோம்” என்றும் “பரப்பில் ஊன்றிய பெப்டைடு” என்றும் செயப்பாட்டுவினை இல்லாமலேயே எழுதலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது என்பதை ‘ஊன்றல் அடர்த்தி’ எனலாம். எந்த முனை பிடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொல்லும் திறன் மாறும். அவற்றை ‘அமினோமுனை ஊன்றல்’, ‘கார்பாக்சில்முனை ஊன்றல்’ எனப் பிரிக்கலாம். இடையில் வரும் அந்த வளையும் சங்கிலிக்குக் ‘காம்பு’ போதும். ‘இடைவெளியாக்கி’ என்று நீட்டத் தேவையில்லை. குறுங்காம்பு, நெடுங்காம்பு என்று எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள்.

இன்னொரு பரிந்துரையான ‘துளைப்புப் பெப்டைடு’ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கரைசலில் தனியாக மிதக்கும் மகைனின் சவ்வில் துளையிடுகிறது என்பது சரி. ஆனால் ஊன்றிய பெப்டைடும் அப்படியேதான் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: சுருள் வடிவில் ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் நீளம். 23க்கு ஏறக்குறைய 3.5 நானோமீட்டர். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-நேர் பாக்டீரியாவின் செல்சுவர் மட்டுமே 20 நானோமீட்டர் அளவுக்குத் தடிமனாக இருக்கும். குறுங்காம்பில் நிற்கும் பெப்டைடு அந்தச் சுவரைத் தாண்டிச் சவ்வை எப்படித் தொடும்? நெருக்கமாக ஊன்றிய நேர்மின்சுமைகள், சுவரைக் கட்டிப்பிடித்திருக்கும் மக்னீசியம், கால்சியம் அயனிகளை இடம்பெயர்த்துக் குலைக்கின்றன என்பது ஒரு விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாத விவாதத்தின் ஒரு பக்கத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

பெப்டைடுக்கு முன்னால் வரும் அடைமொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்பதை நாளிதழ்கள், மருந்துக்கு நுண்ணுயிர் காட்டும் எதிர்ப்பைக் குறிக்கவும் எழுதுகின்றன. ஒரே தொடர் மருந்தையும் மருந்து தோற்பதையும் குறித்தால் என்ன செய்வது? பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வழியில் ‘நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடு’ என்றால் ஐயமே இல்லை. ஆய்வகத்திலும் கொன்றதா என்றுதான் பார்க்கிறார்கள். பரப்பின் மேல் பச்சை, சிவப்பு என இரண்டு சாயங்களை ஊற்றி ஒளிர் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். சிவப்புச் சாயம் சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பு எவ்வளவு என்பதுதான் விடை.

ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும் விளக்கத் தாளில் “உங்கள் மூட்டில் கொல்லி இருக்கிறது” என்று எழுதினால் பயந்துவிடுவார்கள் என்று குழுவில் ஓர் அம்மா சொன்னது நியாயமான கவலை. அந்த இடத்துக்கு மட்டும் ‘காப்புப் பெப்டைடு’ என்று எழுதலாமா? மருத்துவமனையில் நோயாளிகளோடு தினமும் பேசுகிற மருத்துவர்களும் செவிலியர்களும் இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.