பாராகார்ட் பிரேஸ்லெட் முறுக்கிக்கொள்கிறது, அளவும் சரியாக வரவில்லை: உதவி தேவை

தேன்மொழி:
பையன் பள்ளியில் குருளையர் படையில் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) இருக்கிறான். முகாமுக்குப் போகும் முன் அவனுக்கும் நண்பர்களுக்கும் பாராகார்ட் (பாராசூட் கயிறு வகை நைலான் கயிறு) பிரேஸ்லெட் பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். 4 மி.மீ. கயிறு, பிளாஸ்டிக் பக்கிள், கோப்ரா பின்னல் (நடுவில் ஓடும் இரண்டு கயிற்றின் மேல் இரு பக்கக் கயிறுகளால் முடிச்சு போட்டுக்கொண்டே போவது). பாதி பின்னும்போதே பட்டை தட்டையாக நிற்காமல் முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. மணிக்கட்டை அளந்துதான் பின்னினேன், ஆனாலும் மாட்டினால் கையைக் கவ்வுகிறது. என்ன செய்யலாம்?

கயிற்றுக்காரன்:
ஒவ்வொரு முடிச்சையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கினால் இப்படித்தான் சுற்றும். ஒரு முறை இடது கயிறு மேலே வந்தால் அடுத்த முறை வலது கயிறு மேலே வர வேண்டும். குழப்பம் வராமல் இருக்க ஒரு முனையில் மட்டும் டேப் சுற்றிவிடுங்கள். இடமோ வலமோ, டேப் சுற்றிய முனைதான் எப்போதும் நடுக்கயிற்றின் மேல் போக வேண்டும். சுற்ற ஆரம்பித்த இடம் வரை பிரித்தால் போதும், முழுதும் பிரிக்க வேண்டாம்.

அளவுக்கு வருவோம். பின்னலின் தடிமன் உள்சுற்றளவைத் தின்றுவிடும். அதனால் மணிக்கட்டு 15 செ.மீ. என்றால் பக்கிளோடு சேர்த்து 17 செ.மீ. வையுங்கள். அதற்கு இரண்டரை மீட்டர் கயிறு வெட்டினால் தாராளம். நைலான் கயிறு நனைந்து காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், எனவே பின்னும் முன்பே வெந்நீரில் ஊறவைத்துக் காயவைப்பது நல்லது.

மலைப்பாதை:
முனையைத் தீயில் உருக்குவதை மட்டும் பிள்ளைகளிடம் விடாதீர்கள் அக்கா. உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டால் உடனே எடுக்க வராது. விரலால் அழுத்தாமல் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்துங்கள்.

இன்னொன்று. '550 கிலோ தாங்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். 550 என்பது பவுண்டு, அதாவது 250 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதுவும் முடிச்சில்லாத புதுக் கயிற்றுக்கு. முடிச்சு போட்டாலே பலம் குறையும், பிளாஸ்டிக் பக்கிள் அதற்கும் முன்னால் உடையும். இதைப் பிடித்துத் தொங்கலாம் என்று பையன்கள் நினைத்துவிடக் கூடாது. மரம் ஏறும்போது கழற்றச் சொல்லுங்கள், கிளையில் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் கட்டும் மாலையாக வேண்டவே வேண்டாம்.

உண்மையில் இதன் உபயோகம் வேறு. அறுந்த ஷூ லேசுக்குப் பதிலாகும், தார்ப்பாய் மூலையைக் கட்டலாம். அசல் 550 கயிற்றுக்குள் குறைந்தது ஏழு மெல்லிய இழைகள் இருக்கும், உருவி எடுத்தால் கிழிந்த பையைத் தைக்கலாம். விலை குறைந்த சில கயிறுகளுக்குள் வெறும் பஞ்சு நூல்தான். வாங்கும்போதே முனையைப் பிரித்துப் பாருங்கள்.

தேன்மொழி:
டேப் வைத்துப் பின்னினேன், தட்டையாக வருகிறது, நன்றி! விசில் வைத்த பக்கிள் 10 மி.மீ., 15 மி.மீ. இரண்டும் கடையில் இருக்கிறது. சின்னக் கைக்கு எது?

கயிற்றுக்காரன்:
10 போதும். நடுவில் ஓடும் இரண்டு கயிறும் சேர்ந்து 8 மி.மீ.தான். பணம் கொடுக்கும் முன் விசிலை ஊதிப் பாருங்கள், சிலவற்றில் வெறும் காற்றுதான் வரும்.