அகதிக் கோரிக்கையில் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தவர், குடியுரிமைக்கு முன் ஊருக்குப் போகலாமா?

பருத்தித்துறையான்
வணக்கம். இலங்கையிலிருந்து வந்து, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, பிறகு பி.ஆர். எடுத்தவன் நான். இருப்பது ஸ்காபரோவில். கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பார்க்கிறேன். இரண்டு சிக்கல்.

விண்ணப்பிக்க 1095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது தாராளமாக வருகிறது. அரசாங்கத்தின் இணையக் கணிப்பானில் போட்டால் காணாது என்கிறது. பி.ஆருக்கு முந்தைய நாள்களை, ஒரு நாளை அரை நாளாக, அரைக் கணக்கில் சேர்ப்பார்கள் என்றுதானே சொல்கிறார்கள்? எங்கே இடிக்கிறது?

மற்றது அம்மா. அவருக்கு டயலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். வீடியோவில் கதைக்கும்போது ஊசி ஏற்றிய கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறார். இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து ஒரு மாதம் போய்வா, பி.ஆர். அட்டை இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். உண்மையா?

மார்க்கம் அக்கா
தம்பி, பாஸ்போட் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

உங்களோடு வேலை செய்பவர்கள் குடும்பத்தவர் ஸ்பொன்சரில் வந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. "அந்த நாட்டில் எனக்குப் பாதுகாப்பில்லை" என்று சொல்லி ஏற்கப்பட்டவர் அந்த நாட்டின் பாஸ்போட்டை எடுத்தாலே, அதன் பாதுகாப்பைத் திரும்ப நாடிவிட்டார் என்று அரசு வாதிடலாம். ஊருக்கே போய்வந்தால் இன்னும் மோசம். அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரச் சொல்லி அரசு விண்ணப்பிக்கலாம். 2012இல் சட்டத்தை மாற்றிய பிறகு, அதில் தோற்றால் பி.ஆரும் சேர்ந்தே போய்விடும். குடியுரிமை விண்ணப்பம் உள்ளே இருந்தாலும் காப்பாற்றாது, அதை நிறுத்தி வைப்பார்கள். குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகுதான் இந்தப் பயம் தீரும்.

இனி உங்கள் நாள் கணக்கு. கணிப்பான் சொல்வது சரி. கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் கணக்கில் வராது, வேலை அனுமதி இருந்தாலும் வராது. ஏற்றுக்கொண்ட தீர்ப்பு வந்த நாளிலிருந்து பி.ஆர். கிடைத்த நாள் வரைதான் அரை நாள் கணக்கு, அதிலும் உச்சம் 365. எல்லாமே நீங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கா போய்வந்த நாள்களையும் மறக்காமல் போடுங்கள். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாள்களாகவே கொள்ளப்படும்.

1095 நிரம்பிய அன்றே அனுப்பாதீர்கள். ஒரு தேதி பிசகினாலும் விண்ணப்பம் விழுந்துவிடும். சில வாரம் கூடுதலாக வரட்டும். அதற்குள் வரிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு, புதிதாக வந்தவர்களுக்கு அரசு நடத்தும் லிங்க் வகுப்பில் நாலாம் நிலைச் சான்றிதழ் போதும். குடியுரிமைச் சோதனையில் 20க்கு 15 சரியாக வரவேண்டும், அது பெரிய விஷயமில்லை.

பருத்தித்துறையான்
பாஸ்போட் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை. நன்றி அக்கா. அப்போ அம்மாவைப் பார்க்க வழியே இல்லையா?

மார்க்கம் அக்கா
அகதிப் பயண ஆவணம் எடுத்து வேறு நாட்டில் சந்திக்கலாம். அது இலங்கைக்குச் செல்லாது, மற்ற நாடுகளுக்கு விசா எடுத்துப் போகலாம். பயணம் செய்யக்கூடிய பெற்றோரைப் பலர் சென்னைக்கு வரவழைத்துத்தான் பார்த்தார்கள், யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து நேரே விமானம் இருக்கிறது. ஆனால் டயலிசிஸ் என்பதால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அங்கேயும் மருத்துவமனையை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். வெளியே நிற்கும் நாள்கள் உங்கள் கணக்கில் குறையும், பரவாயில்லை.

ஸ்காபரோ வாசி
ஒன்று சேர்க்கிறேன். 2022இல் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், இப்படிப் போனவருக்குப் பின்விளைவு தெரிந்திருந்ததா, ஏன் போனார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. தாயின் நோய் அதில் எடுபடலாம். ஆனால் அது வழக்கு வந்தபின் வாதாட உதவுவது, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அம்மாவின் நிலை மோசமானால், புறப்படுமுன் அகதி வழக்குகள் செய்யும் சட்டத்தரணி ஒருவரிடம் எல்லாக் கடிதங்களோடும் போங்கள். காசில்லை என்றால் ஒன்ராறியோவில் லீகல் எய்டை (சட்ட உதவி அமைப்பை) கேட்டுப் பாருங்கள்.

பருத்தித்துறையான்
அகதித் தீர்ப்புக் கடிதத்தின் தேதியைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டேன். கணிப்பானோடு சரியாக ஒத்துவருகிறது. பயண ஆவணத்துக்குப் படம் எடுத்துவிட்டேன். சென்னைக்கு வரலாமா என்று அம்மாவின் மருத்துவரிடம் தங்கச்சி நாளைக்குக் கேட்கிறாள். சிகிச்சை ஒழுங்கு செய்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.