'ரீட் த ரயட் அக்ட்' என்றால் வெறும் ஏச்சா?

கொக்குவில் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். கடைகளுக்குச் சாமான் பிந்திப் போகிறது என்று மேலாளர் எங்களைக் கூப்பிட்டு நன்றாகப் பேசிவிட்டார். பிறகு கொழும்புக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சலின் பிரதி எனக்கும் வந்தது. அதில் 'ஐ ரெட் தெம் த ரயட் அக்ட்' என்று இருந்தது. 'ரயட்' என்றால் கலகம்தானே? நாங்கள் ஒருவரும் குரல்கூட உயர்த்தவில்லை. கலகம் செய்தோம் என்று எழுதிவிட்டாரா?

நல்லூரான்:
பயப்படாதீர்கள். நல்ல ஏச்சுக் கொடுத்தேன் என்றுதான் அர்த்தம். கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி வரும், தோற்ற அணிக்குப் பயிற்சியாளர் கொடுப்பது.

மானிப்பாய் ரீச்சர்:
தம்பி, உங்களை அவர் கலகக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் இது வெறும் ஏச்சும் இல்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் 1715இல் நிறைவேற்றிய கலகச் சட்டம் அந்த ஆண்டு ஓகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தச் சட்டம் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் குழப்பம் செய்தால், நீதவான் முன்னால் நின்று அரசர் பெயரால் ஓர் அறிவித்தலை உரத்து வாசிப்பார். ஒரு மணித்தியாலத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனைகூட விதிக்க முடிந்தது. 'கடவுள் அரசரைக் காப்பாராக' என்ற கடைசி வரியை விட்டுவிட்டால் அந்த வாசிப்பே செல்லாமல் போனது.

அந்த எச்சரிக்கை இந்த மரபுத்தொடரில் இன்னும் இருக்கிறது. இதோடு நிறுத்து, இல்லாவிட்டால் நடவடிக்கை வரும் என்று அதிகாரம் உள்ளவர் கீழே உள்ளவருக்குச் சொல்வது. அதிபர் மாணவருக்குச் சொல்லலாம், தாய் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நண்பன் நண்பனை ஏசினால் 'டெல் ஓஃப்' போதும். ஏ/எல் பிள்ளைகள் எல்லா ஏச்சுக்கும் இதையே எழுதுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. மேலாளரைப் பற்றி நீங்கள் முறைப்பாடு எழுதினால் அதிலும் இது பொருந்தாது.

அவர் விளங்கித்தான் எழுதினார் என்றால், கடைசி எச்சரிக்கை கொடுத்தாயிற்று என்று மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறார். சாமான் ஏன் பிந்துகிறது என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது போதாது.

கொக்குவில் பெடியன்:
நன்றி ரீச்சர். கொழும்பு லொறி வந்து சேரவே மத்தியானம் ஆகிறது. வந்த நேரமெல்லாம் எங்கள் பதிவேட்டில் திகதியோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி இங்கே போட்டால் திருத்தித் தருவீர்களா?

மானிப்பாய் ரீச்சர்:
போடுங்கள் தம்பி, இரவு பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் மேலாளர் பெயரையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.