தானக் குவில்ட்: பல கை சேரும்போது எங்கே பிசகுகிறது?

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கித் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதை ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கும் காப்பகங்களுக்கும் கூடித் தைத்துக் கொடுப்பவர்கள், கண்டறிந்ததை இங்கே எழுதுங்கள். நான் அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழுவாகத் தைக்கும் குவில்ட் முதலில் தடுமாறுவது கால் அங்குலத்தில்தான், அதாவது மூட்டும்போது துணி ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடத்தில்.

தனியாகத் தைப்பவர் மூட்டுக்குக் கால் அங்குலத்துக்குப் பதில் கொஞ்சம் கூடவே விட்டாலும் எல்லாப் பிளாக்கும் (துண்டுகளை மூட்டிச் செய்யும் சதுரம்) ஒரே அளவில் சுருங்கிவிடும், குற்றம் தெரியாது. எட்டுப் பேர் தைத்தால் எட்டு விதமான கால் அங்குலம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2½ அங்குலப் பட்டை நான்கைச் சேர்த்தால் பிளாக் 8½ அங்குலம் வர வேண்டும். ஒருவர் மூட்டுக்கு 1/16 அங்குலம் கூடுதலாக விட்டால், இரண்டு பக்கத் துணியிலும் அது போவதால் ஒரு மூட்டுக்கு 1/8 குறையும். மூன்று மூட்டுக்கு 3/8. அவர் பிளாக் 8⅛ அங்குலத்தில் நிற்கும். அப்படி நான்கு பிளாக் ஒரு வரிசையில் வந்தால் அந்த வரிசை ஒன்றரை அங்குலம் குட்டை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் குவில்ட் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

ஆகவே யாரும் பிளாக்கைத் தொடுவதற்கு முன் சோதனைத் துண்டு தைக்க வேண்டும். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை மூட்டி, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்கவும். சரியாக 1 அங்குலம், மொத்த அகலம் 3½. அப்படி வராவிட்டால் ஊசியை நகர்த்தவும், அல்லது மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி வேலி கட்டவும். அவரவர் மெஷினில், அவரவர் நூலில் செய்ய வேண்டும். தடித்த நூலும் துணி மடிப்பில் இடத்தைத் தின்னும்.

இன்னொன்று: வெட்டும் வேலை ஒருவரிடமே இருக்கட்டும். இருவர் வெட்டினால் இருவரும் ஒரே ஸ்கேல். இரண்டு கம்பெனி ஸ்கேலில் கோட்டின் தடிப்பே வேறுபடும்.

*

அக்கா சொன்ன சோதனை அவசியம்தான். ஆனால் புதிதாகச் சேர்பவர்கள் இருக்கும் குழுவில் அதை மட்டும் நம்ப வேண்டாம். தப்பைத் தாங்கிக்கொள்ளும் பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். முனைகள் கூர்மையாகச் சேர வேண்டிய நட்சத்திரம் வேண்டாம். பெரிதாகத் தைத்து, பிறகு சீவி அளவுக்குக் கொண்டுவரும் வகைதான் தானக் குவில்ட்டுக்குத் தோது.

அதில் முதலிடம் தாள்மேல் தைக்கும் பட்டைப் பிளாக்குக்கு. 8½ அங்குலச் சதுரத் தாள். 1 முதல் 2½ அங்குலம் வரை எந்த அகலத்திலும் துண்டுப் பட்டைகள். முதல் பட்டை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலே. அடுத்ததை அதன்மேல் கவிழ்த்து வைத்து ஓரத்தில் தைத்து, விரித்து இஸ்திரி. இப்படியே இரு பக்கமும் மூலை வரை. தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர். அப்போதுதான் தாள் சுலபமாகக் கிழியும், மூட்டும் பிரியாது. கடைசியில் தாள் பக்கம் மேலே வரும்படி திருப்பி, தாளின் ஓரத்தோடு சீவினால் எல்லாம் ஒரே அளவு.

இதில் நடக்கும் பிசகுகள்: ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், அதாவது 8¼ அங்குலம்; போதாது. அமெரிக்காவில் விற்கும் லெட்டர் தாள் சரியாக 8½. இங்கே ஏ3 வாங்கி வெட்டலாம். செய்தித்தாளின் மை இஸ்திரிச் சூட்டில் வெள்ளைத் துணியில் ஏறும். அப்புறம், தைத்த உடனே தாளைக் கிழிக்காதீர்கள். பட்டைகள் சாய்வாக ஓடுவதால் பிளாக்கின் நான்கு ஓரமும் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வான வெட்டு, கை பட்டாலே இழுபடும். பிளாக்குகளை ஒன்றோடொன்று மூட்டிய பிறகு கிழிக்கவும்.

அளவு கேட்பவர்களுக்கு: மூட்டியபின் ஒரு பிளாக் 8 அங்குலம் நிற்கும், 4 × 5 என்று 20 பிளாக் வைத்தால் 32 × 40. சுற்றி 2 அங்குல பார்டர் (வெட்டுவது 2½) வைத்தால் 36 × 44. அடித்துணி ஒரே துண்டில் முடியும், 42 அங்குல அகலத் துணி 1.25 மீட்டர். பைண்டிங்குக்கு, அதாவது ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டைக்கு, 2½ அங்குலப் பட்டை ஐந்து. நான்கு போதும் என்று தோன்றும். சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் போய், சுற்றளவான 160 அங்குலத்திலேயே நின்றுவிடும், மூலை திரும்பவும் முனைகளைச் சேர்க்கவும் துணி இருக்காது.

பார்டரை நீளமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய் முடிவில் வெட்டுவது பெரிய தப்பு. ஓரம் அலை அலையாக வரும். குவில்ட்டின் நடுவே மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, எதிரெதிர் பார்டர் இரண்டையும் அதே நீளத்தில் வெட்டித்தான் பொருத்த வேண்டும்.

*

துணி பற்றி. நன்கொடையாக வரும் துணியை அப்படியே எடுத்துக்கொள்ளும் குழுக்கள் பின்னால் வருந்தும். நூறு சதவீதம் காட்டன் மட்டும். சந்தேகமாக இருந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே குவில்ட்டில் கலக்கக்கூடாது. முதல் சலவையில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் மூட்டு மூட்டாக இழுக்கும். பலர் வீட்டிலிருந்து துணி வருவதால், எல்லாவற்றையும் வந்தவுடன் துவைத்துவிடுவது என்று முடிவு செய்வதே நல்லது. சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றுக்கும் சாயச் சோதனை: நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போடவும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வேறு வேலைக்கு.

பழைய காட்டன் புடவை அருமையான அடித்துணி. 5.5 மீட்டர் புடவையில் 1.25 மீட்டர் வீதம் நான்கு குவில்ட்டுக்கு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நைந்த இடத்தைத் தள்ளிவிடுங்கள். இரு விரலால் இழுத்தால் கிழியும் புடவை ஆஸ்பத்திரிச் சலவையை ஒரு மாதம் தாங்காது. ஜரிகையை முழுவதுமாக நீக்கவும், பிசிறி உடம்பை உறுத்தும். ஆனால் எல்லா இடத்திலும் பழைய துணியை ஏற்க மாட்டார்கள். 1995இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கி, குழந்தைகளுக்குப் போர்வை சேர்த்துக் கொடுக்கும் 'பிராஜெக்ட் லைனஸ்' புதிய, கையால் செய்த, துவைக்கக்கூடிய போர்வைகளையே கேட்கிறது. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமாக: பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் கைக்குழந்தைக்கான குவில்ட்டில் சேர்க்கவே கூடாது. அதில் உள்ள நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கும். வெயிலில் போட்டால் வாசனை போகும், ஆபத்து போய்விட்டது என்று சொல்ல முடியாது. சாம்பிராணி, சென்ட், சிகரெட் வாசனை ஏறிய துணியும் வேண்டாம். மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள்.

கிராஸ் ஓரம் இழுபடாமல் இருக்கக் கஞ்சி போடலாம். முடிந்தபின் நன்றாக அலசிவிடுங்கள். கஞ்சித் துணியைப் பூச்சி தேடி வரும்.

*

மூன்று அடுக்கையும் சேர்க்கும் இடத்தில்தான் கூட்டுவேலைக்கு அழகு. நாலு பேர் நாலு மூலையில் நின்றால் பதினைந்து நிமிடம். அடித்துணி நல்ல பக்கம் கீழே. சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும் இழுத்து மேசையில் டேப் ஒட்டவும். விறைப்பாக இழுத்தால், டேப்பை எடுத்ததும் துணி தளர்ந்து பின்பக்கம் மடிப்பு விழும். அதன்மேல் பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு), அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு.

36 × 44க்கு ஏறத்தாழ நூறு ஊக்கு ஆகும். எண்ணி எடுத்து, டப்பா மூடியில் எழுதி வைத்து, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். காந்தம் தடவினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பித்தளை ஊக்கு காந்தத்தில் ஒட்டாது. குழந்தைமேல் போர்த்தும் பொருளில் ஒரே ஓர் ஊக்கு மறந்துபோனாலும் அது மன்னிக்கக்கூடிய தவறு இல்லை. எண்ணிக்கை குறைந்தால் குவில்ட் வெளியே போகக்கூடாது.

மிஞ்சிய பேட்டிங் துண்டுகளை இணைக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு முட்டவைத்து அகலமான ஜிக்ஜாக். ஒரே வகையைத்தான் இணைக்க வேண்டும். காட்டன் பேட்டிங் துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், பாலியஸ்டர் அசையாது. எத்தனை அங்குல இடைவெளியில் குவில்ட்டிங் (மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும் தையல்) போடலாம் என்பது பேட்டிங் உறையில் இருக்கும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டால் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், உள்ளே பஞ்சு திரளும்.

குவில்ட்டிங் ஓட்ட வாக்கிங் ஃபுட் (அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்), 90/14 அளவு ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். மூட்டை இருபக்கமும் விரித்து இஸ்திரி போட்டிருந்தால் மூட்டுப் பள்ளத்திலேயே குவில்ட்டிங் ஓட்டாதீர்கள். அங்கே ஊசிக்கு அடியில் நூல் மட்டும்தான் இருக்கிறது, அது அறுந்தால் மூட்டு வாய் பிளக்கும். கால் அங்குலம் தள்ளி ஓட்டுங்கள்.

*

சின்ன விஷயம்: இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்ட வேண்டாம். ஒன்று 1000 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பிளக் இரண்டைத் தாங்காது. வீட்டு மெஷின்கள் ஆறு ஏழு சேர்ந்தாலும் அவ்வளவு இழுக்காது, இஸ்திரிதான் சுவிட்சை விழ வைக்கும்.

*

யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள், பிறகு வெட்டுங்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வையே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் அறிவுரை. ஆகவே பச்சைக் குழந்தைகள் வார்டில் இன்குபேட்டர்மேல் மூடும் குவில்ட்டோ, தரையில் விரிக்கும் குவில்ட்டோதான் கேட்பார்கள். இன்குபேட்டர் அளவு ஒவ்வோர் இடத்திலும் வேறு. வார்டு நர்ஸிடம் சென்டிமீட்டரில் எழுதி வாங்குங்கள். நூல் முடிச்சுப் போட்டுக் கட்டும் வகை சிறு குழந்தைகளுக்கு வேண்டாம், வாயில் வைத்து இழுக்கும். பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் கூடாது.

பெரியவர்களுக்கான அளவு வேறு. போரில் பணியாற்றிய படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' 60 × 80 அங்குலத்தை உகந்த அளவாக வைத்திருக்கிறது. லேபிள் இல்லாமல் அங்கே குவில்ட் போகாது. நாமும் அதைப் பின்பற்றலாம்: லேபிளைக் குவில்ட்டிங் ஓட்டுவதற்கு முன்பே அடித்துணியில் தைத்துவிட்டால், மேலே ஓடும் தையல் அதையும் பிடித்துக்கொள்ளும், சலவையில் பிய்ந்து போகாது. துவைக்கும் முறையும் அதில் இருக்கட்டும்.

பைண்டிங்கைக் கையால் தைப்பது கண்ணுக்கு அழகு. ஆனால் கொதிநீர்ச் சலவைக்கும் டிரையருக்கும் மெஷின் தையல்தான் நிற்கும். முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் மடித்து, ஓரத்தில் மெஷின் ஓட்டவும்.

கொடுப்பதற்கு முன் குழுவே ஒருமுறை துவைத்து உலர்த்த வேண்டும், வாசனையில்லாத சோப்பில். அரைகுறையாகப் பிடித்த மூட்டெல்லாம் அந்த முதல் சலவையில் பிரிந்து தெரியும். சாயம் இறங்கியிருந்தால் உலர்த்தாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே பெரிய தொட்டியில் நிறைய சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, குவில்ட் முழுவதும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும். தண்ணீர் தெளியும்வரை.