‘கேஷ்’ நம்ம காசிலிருந்து வந்ததாம்! இன்னும் எத்தனை நாளைக்கு?

பழையநோட்டு:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலையும் வந்துவிட்டது. “காசு என்ற சொல்லைத் திருடித்தான் வெள்ளைக்காரன் கேஷ் என்றான், பகிராதவன் தமிழனே இல்லை.” நேற்று தாமிரபரணிக்காரனும் இங்கே அதையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, பணத்தைக் குறிக்கும் கேஷ் பிரெஞ்சு, இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலம் லத்தீன் ‘காப்சா’. பொருள் பெட்டி. பணப்பெட்டிக்கு வைத்த பெயர் உள்ளே இருந்த பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

தாமிரபரணிக்காரன்:
பெட்டி எப்படி ஐயா பணமாகும்? கடையில் போய் “மீதிப் பெட்டி கொடுங்க” என்றா கேட்கிறோம்? காசு, கேஷ். ஒலியும் பொருளும் ஒட்டி நிற்கின்றன. ஆக்ஸ்போர்டு அகராதியே தமிழ் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் நம்மவர் சொன்னால் சிலருக்கு ஏறாது.

பழையநோட்டு:
அகராதியைப் பாதியில் மூடினால் இப்படித்தான். அதில் கேஷ் இரண்டு முறை வருகிறது, இரண்டும் தனித்தனிச் சொற்கள். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தைக் குறிக்கும் கேஷ் தமிழ்க் காசுதான். யார் மறுத்தார்கள்? உங்கள் பர்ஸில் இருக்கிற கேஷ் வேறு. அது பெட்டி.

நாணயப்பிரியன்:
சண்டைக்கு நடுவில் ஒரு தகவல். சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு சிறு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்திலேயே செம்புக் காசு அடித்து அனுப்பியது. ‘இருபது கேஷ்’ என்று அதில் ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கும். 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அந்தக் காசு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.

தாமிரபரணிக்காரன்:
கேட்டீர்களா? வெள்ளைக்காரன் தன் கையாலேயே காசில் கேஷ் என்று அடித்திருக்கிறான்! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பழையநோட்டு:
1808இல் அடித்த காசு 1590களிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொல்லுக்கு அப்பனா? கம்பெனி பிறந்ததே 1600 டிசம்பர் 31.

தாமிரபரணிக்காரன்:
போர்த்துகீசியன் 1498இலேயே வந்துவிட்டானே? அவன் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்க மாட்டானா?

பழையநோட்டு:
நல்லவேளை நீங்களே அங்கே வந்தீர்கள். போர்த்துகீசியர் நம் காசைக் காதில் வாங்கி ‘காய்ஷா’ என்று எழுதினார்கள். காய்ஷா அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல். பொருள் தெரியுமா? பெட்டி! எந்தப் பக்கம் போனாலும் பெட்டிதான்.

வேப்பம்பழம்:
இருவரும் குறுந்தொகையை மறந்துவிட்டீர்கள். 67ஆம் பாட்டில் கிளி வாயில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பொற்காசுக்கு ஒப்பிடுகிறார் அள்ளூர் நன்முல்லையார். அந்தக் காசு நூலில் கோக்கும் அணி. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலும் காசு உண்டு. லத்தீன்காரனிடம் இதெல்லாம் இருக்கிறதா?

தெருமுனை:
காசே வடமொழி ‘கர்ஷ’விலிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886லேயே எழுதிவிட்டது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே?

தாமிரபரணிக்காரன்:
வந்துட்டாருப்பா. ‘ரைஸ்–அரிசி’ இழையில் பாதியில் காணாமல் போனவர்தானே நீங்கள்?

தெருமுனை:
காணாமல் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. உங்களைப் போல இல்லை.

பழையநோட்டு:
கர்ஷ இருக்கட்டும். அது காசின் பூர்வீகம். நான் பேசுவது கேஷின் பூர்வீகம். ஆங்கிலத்தில் பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ கூட அதே காப்சாவின் பிள்ளைதான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, அணைக்கட்டு என்று ஆங்கிலத்துக்கு நாம் உண்மையாகவே கொடுத்தது ஏராளம். அதைச் சொல்லிப் பெருமைப்பட ஆள் இல்லை. கொடுக்காததற்கு மட்டும் ரசீது கேட்கிறார்கள். பெட்டி ஐயா, பெட்டி.

தாமிரபரணிக்காரன்:
பெட்டி பெட்டி என்று எத்தனை தரம் சொன்னாலும் பெட்டி பணமாகாது. கல்லாப்பெட்டியை நாம் பணம் என்றா சொல்கிறோம்?

பழையநோட்டு:
“இன்றைக்குக் கல்லா எவ்வளவு?” என்று எந்தக் கடையிலும் கேட்டதே இல்லையா? அது பெட்டியின் விலையையா கேட்கிறது?

தெருமுனை:
கல்லா இந்திச் சொல்.

வேப்பம்பழம்:
கல்லா என்றால் கற்காத என்று பொருள். இங்கே சிலருக்குப் பொருத்தம்.

தாமிரபரணிக்காரன்:
யாரைச் சொன்னீர்கள்? பெயரைப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நாணயப்பிரியன்:
1808 இருபது காசு யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்பவும். தேய்ந்தது வேண்டாம்.

பழையநோட்டு:
தேய்ந்ததோ புதியதோ, அது நாணயக் கேஷ். பணக் கேஷ் பெட்டி. நாளைக் காலை அதே ஃபார்வர்டு வரும், அப்போதும் வந்து சொல்வேன்.

தாமிரபரணிக்காரன்:
வாருங்கள். நானும் இங்கேதான் இருப்பேன். வேப்பம்பழம் முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.