பழைய காட்டன் புடவையில் குழந்தைக்குப் போர்வை தைக்க யோசனை சொல்லுங்கள்

கேள்வி (பெரம்பூர்): அம்மாவின் சுங்குடிப் புடவைகள் நிறைய இருக்கின்றன, யாருக்கும் கொடுக்க மனசே வரவில்லை. பாப்பாவுக்குப் போர்வை தைக்க ஆசை. சென்னைப் புழுக்கத்துக்கு உள்ளே பஞ்சு வைக்கலாமா? கால் மிஷினில் மூன்று அடுக்கு சேர்த்து ஓட்டினால் மேல்துணி நகர்ந்து சுருக்கம் விழுகிறது.

பதில் 1: பஞ்சு வேண்டவே வேண்டாம். வங்காளத்துக் காந்தா போர்வையே பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைப்பதுதானே. மிஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் கீழ்த்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கிவிடும், அதனால் முதலில் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நாலு விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாகக் கையால் பெரிய தையல் ஓட்டிவிட்டு அப்புறம் மிஷினில் போடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, தையல் கொஞ்சம் நீளமாக.

பதில் 2: அக்கா, வெட்டும் முன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகும் இடம் நைந்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், குழந்தை வாயில் வைக்குமே. பார்டரை ஓரப்பட்டியாக வைத்தால் அவ்வளவு அழகு!

பதில் 3: அடித்துணிக்கு கோடவுன் தெருவில் புதுக் காட்டன் வாங்கினால், ராத்திரி ஊறவைத்துக் காய்ந்தபிறகு சேருங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே அது மட்டும் சுருங்கிவிடும்.