லோடோடு மண் ரோட்டில் ஏற ஆல் டெரெய்ன் டயருக்கு எவ்வளவு காற்று வைக்கலாம்?

வணக்கம்ங்க. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு பிக்கப் ஓட்டுகிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான்; தோட்டத்துக்குள் கடைசி 2 கிலோமீட்டர் செம்மண், கூர்கல். போன வாரம் மழையில் உர மூட்டையோடு ஏறும்போது பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் இழுத்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், டயர் பட்டன் இடுக்கெல்லாம் சேறு அப்பி வழவழவென்று கிடந்தது.

தார், மண் இரண்டுக்கும் ஆகிற ஆல் டெரெய்ன் டயர் போடப் போகிறேன். சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் வேண்டாம், ஈரத் தார் ரோட்டில் பிடிப்பு குறைவு. லோடு இன்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்கிற எண்) பழைய டயருக்குக் குறையக் கூடாது, அது சரி. காற்றில்தான் குழப்பம். குறைத்தால் டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். ஆனால் லோடோடு குறைத்தால் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறுமே, கல்லும் கிழிக்குமே?

லோடோடு மலை ஏறுகிறவர்கள் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ குறைக்கிறீர்கள்? தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற 12 வோல்ட் கம்ப்ரஸர் தாங்குமா? அப்புறம், பின்னால் மட்டும் 2 மாற்றினால் போதுமா, நான்குமா? கூட ஆள் ஏற்றிக்கொண்டு போகிறேன், சீக்கிரம் சொல்லுங்க.